மூச்சு முந்திச் சோர்ந்தால்: கருவியா, ஓட்டமா, பிராணாயாமமா?

பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் எனக்கு ஏழாவது கிலோமீட்டர்தான் கண்டம். காலில் வலி இருக்காது, தொடை கனக்காது. மூச்சு மட்டும் குட்டை குட்டையாகும். தோள் இரண்டும் காதுவரை ஏறிக்கொள்ளும். விலாவுக்குக் கீழே கயிறு போட்டு இறுக்கியதுபோல இருக்கும். கொஞ்ச நேரத்தில் வேகம் தானாக விழுந்துவிடும். "தம் பத்தல" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பிப்பேன். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை ஒருநாள் ஓட்டம் முடிந்த கையோடு விரலில் மாட்டிப் பார்த்தேன், 97 காட்டியது. ரத்தத்தில் ஆக்சிஜனுக்குக் குறைவில்லை. மருத்துவரும் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு நுரையீரல் நன்றாக இருக்கிறது என்றார். அப்படியானால் தீர்ந்துபோவது எது?

மூச்சை இழுத்து விடும் தசைகள்தான் என்று தெரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று. அதற்குள் ஒரு முகமூடி வாங்கி வீணாக்கினேன், அப்பாவின் மருந்து டப்பாவிலிருந்து ஒரு கருவியை எடுத்து இரண்டு மாதம் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். இப்போது என் சித்தப்பா மகன் காவலர் தேர்வுக்காக ஓடிப் பழகுகிறான். அக்கா மகள் நீச்சல் போட்டிகளுக்குப் போகிறாள். இருவரும் கேட்பது ஒரே கேள்வி: "மூச்சுக்குன்னு ஒரு கருவி விக்கிறாங்களே, வாங்கலாமா?" இருவருக்கும் நான் வேறு வேறு பதில் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமான விளக்கம்.

தசைதானே, அதுவும் களைக்கும்

நெஞ்சையும் வயிற்றையும் பிரித்து நிற்கும் குவிந்த தசைத் தட்டுதான் உதரவிதானம். அது கீழே இறங்கினால் காற்று உள்ளே வரும். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் கழுத்துத் தசைகளும் கூட நின்று உதவும். வேகமாக ஓடும்போது மூச்சை வெளியே தள்ள வயிற்றுத் தசைகளும் சேர்ந்துகொள்ளும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று போதும். மூச்சு வாங்க ஓடும்போது அது 100 லிட்டரைத் தாண்டும். பெரிய வீரர்களில் 200 லிட்டரும் போவதுண்டு. பிறந்ததிலிருந்து ஓயாமல் இயங்கும் தசை என்றாலும், இந்த அளவு வேலையைத் தொடர்ந்து கொடுத்தால் அதற்கும் அலுக்கும்.

இதை நிரூபிப்பது லேசாக இருக்கவில்லை. 1982-இல் வெளியான ஓர் ஆய்வில், மாரத்தான் ஓடி முடித்தவர்களால் மூச்சை முன்பு இழுத்த அழுத்தத்துக்கு இழுக்க முடியவில்லை என்று கண்டார்கள். ஆனால் 42 கிலோமீட்டர் ஓடி வந்தவரிடம் "முழு பலத்தோடு இழுங்கள்" என்றால், அவர் மனசாரத்தான் இழுத்தாரா, அலுப்பில் விட்டுவிட்டாரா என்று எப்படிச் சொல்வது? 1993-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் டெம்ப்சியின் குழு அந்தச் சந்தேகத்துக்கு முடிவு கட்டியது. கழுத்து வழியே உதரவிதானத்துக்குப் போகும் நரம்பை வெளியிலிருந்து தூண்டினார்கள். உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் இறக்கிய சிறு பலூன்களைக் கொண்டு தசை எழுப்பும் அழுத்தத்தை அளந்தார்கள். ஆளின் மனசுக்கு அங்கே வேலையே இல்லை. நரம்பு தூண்டப்பட்டால் தசை சுருங்கியே தீரவேண்டும். உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவில் (கைக்கடிகாரங்கள் விஓ2 மேக்ஸ் என்று காட்டுவது) 85 சதவீதத்துக்கு மேலான கடுமையில், இனி முடியாது என்னும்வரை உழைத்த ஆரோக்கியமானவர்களின் உதரவிதானம் உண்மையாகவே களைத்திருந்தது. பழைய பலம் திரும்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடித்தது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கடுமை: ஒரு முழு வாக்கியம் பேச முடியாத வேகம் அது. இரண்டு, நேரம்: அந்த வேகத்தில் பத்து நிமிடம் போலத் தாக்குப்பிடித்தால்தான் களைப்பு தலைகாட்டும். பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில் அரை மணி நேரம் ஓடி மூச்சு வாங்கினால், அதற்குக் காரணம் வேறு.

மூச்சுத் தசை களைத்தால் மூச்சு முட்டும், அவ்வளவுதானே என்று நானும் நினைத்திருந்தேன். அசல் அடி காலில்தான் விழுகிறது. உச்ச உழைப்பின்போது உடல் எடுக்கும் ஆக்சிஜனில் சுமார் 10 சதவீதம் மூச்சுத் தசைகளுக்கே போய்விடும். நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களில் 15 சதவீதம் வரைகூட. இதயம் இறைக்கும் ரத்தத்திலும் 14 முதல் 16 சதவீதத்தை அவையே வாங்கிக்கொள்கின்றன. அந்தத் தசைகள் களைத்துத் தவிக்கும்போது அங்கிருந்து கிளம்பும் நரம்புச் சேதி, காலுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருங்க வைக்கிறது. 1997-இல் கிரேக் ஹார்ம்ஸும் டெம்ப்சியும் மற்றவர்களும் ஏழு சைக்கிள் வீரர்களை வைத்து இதைக் காட்டினார்கள். மூச்சுக்குச் சுமை ஏற்றினால் காலுக்கு ரத்தம் குறைந்தது. ஒரு கருவியால் சுமையை இறக்கினால் காலுக்கு ரத்தம் கூடியது. 2000-இல் அதே குழுவினர், களைத்து நிற்கும்வரை சைக்கிள் மிதிக்கும் நேரத்தை அளந்தார்கள். மூச்சின் பாரத்தை இறக்கியபோது அந்த நேரம் சராசரியாக 14 சதவீதம் கூடியது. பாரம் ஏற்றியபோது 15 சதவீதம் குறைந்தது.

இதைப் படித்த அன்றுதான் என் ஏழாவது கிலோமீட்டர் எனக்குப் புரிந்தது. மூச்சுக்கும் காலுக்கும் இழுபறி வந்தால் உடல் மூச்சின் பக்கம் நிற்கும். ஆக, நமக்கு இரண்டு வழி இருக்கிறது. சுமக்கிற தசைக்குப் பலம் கூட்டலாம். அல்லது அது சுமக்கும் சுமையைக் குறைக்கலாம். கடைகளில் விற்பதெல்லாம் முதல் வழிக்குத்தான்.

வாங்கக் கிளம்புவதற்கு முன்

என்னோடு வேலை செய்யும் ஓர் அக்கா, ஆறு மாதமாக ஓட்டத்தில் தம் பிடிக்க முடியவில்லை என்று கருவிக்கு ஆர்டர் போடப் போனார். எதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள் என்றேன். ஹீமோகுளோபின் 9.2 இருந்தது. இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அவர்களில் ஒருவருக்கு மூச்சுத் தசைப் பயிற்சி சொல்லிக் கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுபோல. அக்காவுக்கு இரும்புச்சத்து மாத்திரையே போதுமானதாக இருந்தது.

ஓடி நிறுத்தியபிறகு ஐந்து, பத்து நிமிடத்தில் இருமலும் வீசிங்கும் அதிகமானால் அது மூச்சுக்குழாய் சுருக்கமாக இருக்கலாம், இன்ஹேலர் வேலை. மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் "ஈ..." என்று சத்தம் வந்து, நின்றதும் சட்டென்று அடங்கினால் குரல்வளையைப் பார்க்க வேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல், படபடப்பு இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். களைத்த மூச்சுத் தசையின் அடையாளம் எளிமையானது: கடும் வேகத்தில் மட்டும் வரும், நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் தணியும், சத்தம் இருக்காது.

காசில்லாத வழி: சுமையை இறக்குவது

ஒரே வேகத்தில் ஓடும் இருவரில் ஒருவர் நிமிடத்துக்கு 110 லிட்டர் காற்று இழுக்கிறார், மற்றவர் 85 லிட்டரோடு சமாளிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாமவரின் உதரவிதானம் பெரிய பலசாலியாக இருக்கத் தேவையில்லை. அதற்கு வேலையே குறைவு. இந்த வித்தியாசம் பெரும்பாலும் காலில்தான் பிறக்கிறது. கால் தசை ஆக்சிஜனை நன்றாகப் பயன்படுத்தப் பழகியிருந்தால் லாக்டேட் (கடும் உழைப்பில் தசையில் உருவாகி ரத்தத்தில் சேரும் பொருள்) தாமதமாக ஏறும், அமிலத்தைச் சரிக்கட்ட மூச்சு அவ்வளவு இரைக்கத் தேவையில்லை. அதனால் மூச்சுக்கான முதல் மருந்தும் ஓட்டம்தான்.

எந்த மாதிரி ஓட்டம் என்பதில்தான் நம்மில் பலர் தப்பு செய்கிறோம். தினமும் அரைகுறைக் கடுமையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறோம். மெதுவானதும் இல்லை, வேகமானதும் இல்லை. நான் பல வருஷம் அப்படித்தான் ஓடினேன். வாரத்தில் பெரும்பகுதியைப் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் வைத்துவிட்டு, ஒருநாள் அல்லது இரண்டு நாள் மட்டும் உண்மையான இன்டர்வெல் (கொஞ்ச நேரம் கடுமையாக, கொஞ்ச நேரம் மெதுவாக என்று மாறி மாறி) ஓடுவதுதான் பலன் தரும். நார்வேயில் யான் ஹெல்கெருட் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஓட்டக்காரர்களிடையே பிரபலம்: 4 நிமிடம் கடுமையாக, 3 நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு முறை, வாரம் மூன்று நாள், 8 வாரம். விஓ2 மேக்ஸ் சராசரியாக 7.2 சதவீதம் ஏறியது. அந்த நான்கு நிமிடங்களில் நிமிடத்துக்கு நூறு லிட்டர் காற்றை இழுத்துத் தள்ளுகிறோமே, அதுவே மூச்சுத் தசைக்கும் பயிற்சி. ஒரே அடியில் சுமை குறைகிறது, சுமப்பவருக்கும் பழக்கம் ஏறுகிறது. இந்தச் சேர்க்கை வேறு எந்த வழியிலும் கிடையாது.

நான் வாரம் ஒரு முறைதான் செய்தேன். நாற்பதைத் தாண்டிய முழங்காலுக்கு அது போதும். பத்து வாரத்தில் 10 கிலோமீட்டர் 58 நிமிடத்திலிருந்து 55-க்கு வந்தது. கண்டமும் ஏழிலிருந்து ஒன்பதாவது கிலோமீட்டருக்குத் தள்ளிப்போனது.

இதனோடு சேர்த்து மூச்சு விடும் முறையையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லிலிட்டர் காற்று தொண்டையிலும் குழாய்களிலும் நின்றுவிடும், நுரையீரலின் வேலைக்கு வராது. நிமிடத்துக்கு 40 மூச்சு விட்டால் 6 லிட்டர் வீண். நாய் இரைப்பதுபோல 60 மூச்சு விட்டால் 9 லிட்டர் வீண். அந்த 3 லிட்டரை ஈடுகட்ட அதே தசை இன்னும் உழைக்க வேண்டும். இதைவிட மோசம், அவசரத்தில் முழுதாக வெளிவிடாமல் அடுத்த மூச்சை இழுப்பது. நெஞ்சு ஏற்கனவே பாதி நிரம்பிய நிலையில் உதரவிதானம் தட்டையாகிக் கிடக்கும். தட்டையான தசையால் பலமாக இழுக்க முடியாது. ஆகவே மூச்சு முட்டும்போது "நல்லா இழு, நல்லா இழு" என்று பக்கத்தில் ஓடுகிறவர் சொன்னால் கேட்காதீர்கள். நன்றாக வெளியே விடுங்கள். இழுப்பு தானாக வரும். மூன்று அடிக்கு இழுத்து இரண்டு அடிக்கு விடுவது, இரண்டுக்கு இரண்டு என்று தாளம் பிடிப்பது, எல்லாம் இதற்குத்தான் உதவுகின்றன. எனக்கு இரண்டுக்கு இரண்டு ஒத்துவருகிறது. மூக்கால் மட்டுமே மூச்சு என்ற பிடிவாதம் மெதுவான ஓட்டத்துக்குச் சரி. போட்டி வேகத்தில் வாயைத் திறந்துவிடுவதே நல்லது.

சென்னை மாதிரி ஊரில் இன்னொன்றும் உண்டு. உடல் சூடேறினால் மூச்சும் தானாகக் கூடும். மே மாதம் ஏழு மணிக்குக் கடற்கரைச் சாலையில் ஓடுகிறவர், ஐந்து மணிக்கு ஓடுகிறவரைவிட அதே வேகத்துக்கு அதிகமாக மூச்சு வாங்குவார். அலாரத்தை முன்னால் தள்ளி வைப்பதும் மூச்சுத் தசைக்குச் செய்யும் உதவிதான்.

கருவி என்ன செய்கிறது

நான் சொல்வது ஸ்பிரிங் வால்வு வைத்த உள்ளிழுப்புக் கருவி. வாயில் பொருத்தி, மூக்கை கிளிப்பால் அடைத்து, இழுக்க வேண்டும். நாம் வைத்த அழுத்தத்தை எட்டினால்தான் வால்வு திறந்து காற்று வரும். மெதுவாக இழுத்து ஏமாற்ற முடியாது. இந்த அழுத்தத்தைச் சென்டிமீட்டர் நீர் என்ற அளவில் சொல்வார்கள். ஆரோக்கியமான பெரியவர்கள் பலர் முழுபலத்தில் 80 முதல் 120 வரை எழுப்புவார்கள். அதில் பாதி அழுத்தத்தில், காலையில் 30 மூச்சு, மாலையில் 30 மூச்சு. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான்கு முதல் ஆறு வாரத்தில் பலம் ஏறுவது தெரியும். அளக்கக் கருவி இல்லையென்றால், 30-ஆவது மூச்சு "இதோடு போதும்" என்று இருக்கும்படி ஸ்பிரிங்கை வையுங்கள். முப்பதும் சுலபமாக முடிந்தால் ஒரு சுற்று இறுக்குங்கள்.

வாங்கும்போது ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. நோயாளிகளுக்கென்று வரும் ஒரு வகைக் கருவியில் உச்ச அழுத்தமே 41 சென்டிமீட்டர்தான். 100 எழுப்பக்கூடிய ஓட்டக்காரருக்கு 50 வேண்டும். முதல் நாளே அந்தக் கருவி போதாது. விளையாட்டுக்கென்று வரும் பவர்பிரீத் போன்றவை இதைவிட மிக அதிகமாகப் போகும். அழுத்தத்தை எண்ணில் சொல்லாத மலிவு பிளாஸ்டிக்கை நான் வாங்க மாட்டேன்.

சரி, பலன் உண்டா? தசையின் பலம் கூடுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. போட்டி நேரம் குறைகிறதா என்பதில்தான் ஆய்வுகள் பிரிந்து நிற்கின்றன. 2001-இல் 14 படகுத் துடுப்பு வீராங்கனைகளிடம் 11 வாரம் செய்த ஆய்வில், ஆறு நிமிடத்தில் கடந்த தூரம் கருவிக் குழுவுக்கு 3.5 சதவீதம் கூடியது. கிட்டத்தட்டச் சுமையே இல்லாத போலிப் பயிற்சி செய்தவர்களுக்கும் 1.6 சதவீதம் கூடியது. 2002-இல் சைக்கிள் வீரர்களில் 20 கிலோமீட்டர் நேரம் 3.8 சதவீதமும் 40 கிலோமீட்டர் நேரம் 4.6 சதவீதமும் முன்னேறின. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான இன்னொரு சைக்கிள் ஆய்வில், போலிப் பயிற்சிக்கு மேலாகச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து 2012-இல் வந்த தொகுப்பாய்வு, பலன் உண்டு என்றே முடித்தது; உடல்தகுதி குறைந்தவர்களுக்கு அதிகம், நீண்ட நேர உழைப்பில் அதிகம் என்றும் சொன்னது.

இதை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: கருவியால் கிடைப்பது சில சதவீதம். 55 நிமிட ஓட்டக்காரருக்கு இரண்டு சதவீதம் என்றால் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஓட்டத்தைச் சரிசெய்த பிறகு அது அருமையான ஒரு நிமிடம். ஓட்டத்தைச் சரிசெய்யாமல் அதைத் தேடிப் போனால், மூன்று நிமிடத்தைத் தெருவில் விட்டுவிட்டு ஒரு நிமிடத்துக்குக் காசு கொடுக்கிறோம். நான் இன்டர்வெல்லுக்குப் பிறகு ஆறு வாரம் கருவியைப் பயன்படுத்தினேன். நேரம் 54 நிமிடத்துக்கு வந்தது. அதில் கருவியின் பங்கு எவ்வளவு, டிசம்பர் குளிரின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஆனால் கடைசி இரண்டு கிலோமீட்டரில் மூச்சு அவ்வளவு பயமுறுத்தவில்லை, அது நிச்சயம்.

ஒரு நல்ல செய்தி, ஏறிய பலத்தை வைத்துக்கொள்ள வாரம் இரண்டு நாள் போதும். நுரையீரல் தானாக ஒருமுறை சுருங்கிப்போனவர்கள், சமீபத்தில் செவிப்பறை கிழிந்தவர்கள், விலா எலும்பு முறிந்தவர்கள் இதைத் தொடக்கூடாது. கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

கருவி கையில் இருப்பவர்களுக்கு இன்னொரு உபயோகம் உண்டு. போட்டிக்கு முன் 40 சதவீத அழுத்தத்தில் முப்பது முப்பதாக இரண்டு தடவை இழுத்தால், மூச்சுத் தசையும் வார்ம்-அப் ஆகிறது. முதல் கிலோமீட்டரின் திணறல் குறைகிறது. கருவி இல்லாதவர்கள் வார்ம்-அப் கடைசியில் 80 மீட்டர் வேக ஓட்டம் நான்கு ஓடினாலும் அந்த இடத்துக்குக் கிட்டே வரலாம்.

மூன்று பந்து, முகமூடி

நம் வீடுகளில் அலமாரியைத் திறந்தால் மூன்று பந்துக் கருவி ஒன்று இருக்கும். அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்தபோது கொடுத்தார்கள். சில நூறு ரூபாய்தான். அதைத்தான் நான் இரண்டு மாதம் உறிஞ்சினேன். பந்துகள் 600, 900, 1200 என்ற அளவில் ஏறும். நொடிக்கு அத்தனை மில்லிலிட்டர் காற்று ஓட வேண்டும் என்பது அதன் பொருள். ஓடும்போது அதைப்போலப் பல மடங்கு காற்றை நாம் இழுத்துக்கொண்டிருக்கிறோம். படுக்கையில் இருப்பவரின் நுரையீரலின் அடிப்பகுதி மூடிக்கொள்ளாமல் விரிய வைப்பதே அதன் வேலை. அந்த வேலையில் அது பொன்னானது. ஓட்டக்காரரின் உதரவிதானத்துக்கு அது சுமையே இல்லை.

முகமூடி விஷயத்தில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. மலை உச்சியில் ஓடுவதுபோல என்ற விளம்பரத்தை நம்பினேன். மலையில் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறைகிறது. முகமூடி காற்றழுத்தத்தை மாற்றுவதில்லை; ஓட்டைகளைச் சின்னதாக்கி, நாம் விட்ட மூச்சில் கொஞ்சத்தை நமக்கே திருப்பித் தருகிறது. 2016-இல் வெளியான ஆய்வில் ஆறு வாரம் முகமூடியோடு சைக்கிள் மிதித்தவர்களுக்கும், இல்லாமல் மிதித்தவர்களுக்கும் விஓ2 மேக்ஸ் ஏற்றத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. போட்டுக்கொண்டு ஓடினால் வேகம் குறையும், அதனால் காலுக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சியும் குறையும். வேண்டாம்.

பிராணாயாமத்தை எங்கே வைப்பது

இதைக் கேட்காமல் யாரும் என்னை விடுவதில்லை, கேட்பதும் நியாயம்தான். புதுச்சேரி ஜிப்மரில் மதன்மோகனும் மற்றவர்களும் 27 மாணவர்களுக்கு 12 வாரம் யோகப் பயிற்சி கொடுத்து 1992-இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சை இழுக்கும் அழுத்தம், விடும் அழுத்தம் இரண்டுமே நன்றாகக் கூடின, மூச்சடக்கும் நேரமும் நீண்டது. நம் ஊர்ப் பக்கமே நடந்த வேலை அது; நான் முதலில் படித்தபோது ஆச்சரியப்பட்டேன். அளந்தது அழுத்தத்தையும் அடக்கத்தையும்தான், ஓட்ட நேரத்தை இல்லை.

மெதுவான பூரகமும் (மூச்சை இழுப்பது) ரேசகமும் (விடுவது) தசைக்குப் பாரம் ஏற்றுவதில்லை. கபாலபாதி வயிற்றுத் தசையை வேகமாக இயக்குகிறது, ஆனால் எதிர்ப்பு குறைவு. ஸ்பிரிங்கைப்போல வாரத்துக்கு வாரம் இறுக்கிக்கொண்டே போக வழியில்லை. பிராணாயாமம் பழகியவர்களிடம் நான் காண்பது வேறொன்று: மூச்சு முட்டும்போது அவர்கள் பதறுவதில்லை. தோள் ஏறாது, வெளிமூச்சு முழுதாக இருக்கும். பழைய சடுகுடு ஆட்டக்காரர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன்; பாடிக்கொண்டே எதிரணிக்குள் போய் அந்த ஒரு மூச்சைச் சிந்தாமல் கொண்டு திரும்புவார்கள். ஏற்கனவே பழகுகிறவர்கள் விட வேண்டாம். புதிதாகப் போட்டி நேரத்துக்காக மட்டும் தொடங்குகிறவருக்கு, அந்த இருபது நிமிடத்தை இன்டர்வெல்லுக்குக் கொடுங்கள் என்பேன்.

யாருக்கு என்ன சொன்னேன்

காவலர் தேர்வுக்குப் பழகும் தம்பி ஓட வேண்டியது 1500 மீட்டர், 7 நிமிடத்துக்குள். அதாவது 400 மீட்டர் மைதானத்தில் மூன்றே முக்கால் சுற்று, சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. அவன் முதல் சுற்றை 1:30-க்கு ஓடிவிட்டு, மூன்றாவது சுற்றில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றுவிடுகிறான். ஏழு நிமிட ஓட்டத்தில் உதரவிதானக் களைப்பு ஆளைக் கவிழ்க்கும் அளவுக்கு வளர்வது அரிது. துடுப்பு வீராங்கனைகளுக்கு ஆறு நிமிடத்திலேயே பலன் தெரிந்ததே என்று கேட்கலாம். துடுப்பு இழுக்கும்போது மூச்சுத் தசைகளுக்கு மூச்சும் துடுப்பு இழுப்பும் என்று இரட்டை வேலை. அவனுடையது வேகப் பங்கீட்டுச் சிக்கல். கருவிக்கு வைத்திருந்த காசில் நல்ல ஷூ வாங்கச் சொன்னேன். வாரம் இரண்டு நாள் 400 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றும் 1:50, இடையில் இரண்டு நிமிடம் நடை. மற்ற நாள்களில் மெதுவான ஓட்டம். முதல் சுற்றை 1:48-க்குக் கீழே ஓடினால் அன்றைக்கு நான் டீ வாங்கித் தர மாட்டேன் என்று ஒப்பந்தம்.

அரை மாரத்தான், 40 கிலோமீட்டர் சைக்கிள் என்று முக்கால் மணி நேரத்துக்கு மேல் கடும் வேகத்தில் நிற்பவர்கள், இரண்டு வருஷமாவது ஒழுங்காகப் பயிற்சி செய்து, நேரம் நகராமல் நின்றுபோனவர்கள் என்றால், கருவியை ஆறு வாரம் முயன்று பார்க்கலாம். குறிப்பாகச் சைக்கிளில் குனிந்து வயிறு மடங்கி ஓட்டுகிறவர்களுக்கு உதரவிதானம் இறங்கவே இடம் குறைவு.

அக்கா மகளுக்குத்தான் தயங்காமல் சரி என்றேன். நீச்சலில் நெஞ்சைத் தண்ணீர் அழுத்துகிறது. கை வீச்சுக்கு இடையில் கிடைக்கும் சின்ன இடைவெளியில், வேண்டும்போது இல்லாமல் முடியும்போதுதான் மூச்சு இழுக்க முடியும். 2003-இல் வெளியான ஆய்வில், போட்டி வேகத்தில் 90 முதல் 95 சதவீதத்தில் ஒரே ஒரு 200 மீட்டர் நீந்தியதற்கே உள்ளிழுப்பு அழுத்தம் 29 சதவீதம் விழுந்திருந்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் இவ்வளவு! கிளப் நீச்சல்காரர்களிடம் ஆறு வாரக் கருவிப் பயிற்சியைச் சோதித்த ஆய்வில் 100 மீட்டர் நேரம் 1.7 சதவீதமும் 200 மீட்டர் 1.5 சதவீதமும் குறைந்தன; 400 மீட்டரில் தெளிவான பலன் இல்லை. அவள் நீந்துவது 100-உம் 200-உம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய 200 மீட்டரை அளந்தோம்: 2 நிமிடம் 48 விநாடி. அதில் 1.5 சதவீதம் என்றால் இரண்டரை விநாடி. கருவி வந்துவிட்டது. காலையில் பல் தேய்த்தபின் முப்பது, இரவு சாப்பாட்டுக்கு முன் முப்பது; வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைப்பது அக்காவின் பொறுப்பு. ஆறு வாரம் கழித்து அதே குளத்தில், அதே காலை நேரத்தில், மறுபடியும் ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பேன்.